கான்ட்ரா ஆட்டம்: தலை சுற்றிய நான்கு நாட்கள்

முதல் நாள், வெள்ளி: கிரீன்ஃபீல்ட்

பாஸ்டனில் இறங்கி மேற்கே இரண்டு மணி நேரம் காரில் வந்தால் கிரீன்ஃபீல்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த இந்த ஊரின் மக்கள்தொகை பதினேழாயிரத்துச் சொச்சம்தான். அக்டோபர் மாதம் என்பதால் வழியெங்கும் மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன; அவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

கும்பகோணத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து சென்ற மே மாதம் ஓய்வுபெற்றேன். என் தங்கை ஆறு ஆண்டுகளாக இந்த ஊரில் வசிக்கிறாள். அவளைத் தொலைபேசியில் பிடிக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான் வசதியான நேரம்; ஆனால் அது அவளுக்குச் சனிக்கிழமை இரவு, சனிக்கிழமை இரவென்றால் அவள் ஆட்டத்தில் இருப்பாள். என்ன ஆட்டம் என்று கேட்கும்போதெல்லாம், “சொன்னால் புரியாது அக்கா, வந்து சுற்றினால்தான் புரியும்” என்பாள். சரி, சுற்றிவிட்டே வரலாம் என்று வந்திருக்கிறேன்.

கான்ட்ரா என்பது ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, எதிரெதிரான இரண்டு நீண்ட வரிசைகளில் நின்று ஆடும் கூட்டு நடனம். இதன் மூதாதை ஆட்டங்கள் 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு அச்சிட்ட கையேட்டில் இருக்கின்றன. ஆங்கிலேயரின் ‘கன்ட்ரி டான்ஸ்’ பிரான்சுக்குப் போய் உச்சரிப்பு மாறி, கடல் கடந்து அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் ‘கான்ட்ரா’ என்று நிலைத்தது. நகரவாசிகள் வால்ட்ஸ், போல்கா போன்ற ஜோடி நடனங்களுக்கு மாறிப்போன பிறகும், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களின் மலைக்கிராமங்கள் இதைக் கைவிடவில்லை. அந்தக் கிராமங்களில் ஒன்றுக்குத் திங்கட்கிழமை போகிறோம். நாளை மாலை இந்த ஊர் மண்டபத்தில் ஆட்டம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறையில் எனக்கு முதல் பாடம் நடந்தது. இந்த ஆட்டத்தின் உயிர் ‘ஸ்விங்’ எனப்படும் சுழற்சி. இருவரும் எதிரெதிராக, ஆனால் சற்று இடப்புறம் விலகி நின்று, வலது பாதங்களை அருகருகே வைத்துக்கொள்ள வேண்டும். அவை திருகையின் நடுமுளை. இடது காலால் தரையைப் பின்னோக்கி உந்தி உந்திச் சுற்ற வேண்டும். சைக்கிளில் ஏறுமுன் ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு மறுகாலால் தரையை உதைத்து ஓடுவோமே, அதே அசைவுதான், நேராகப் போவதற்குப் பதிலாக வட்டமாகப் போகிறது. குளிர்பதனப் பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே இரண்டு சுற்றுச் சுற்றியதும் தங்கை கையை விட்டுவிட்டு, “கீழே பார்க்காதே அக்கா, என்னைப் பார்” என்றாள். நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதம் மிதிபடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று எண்ணியிருந்தேன்.

இரண்டாம் நாள், சனி: கைடிங் ஸ்டார் கிரேஞ்ச்

சாப்மன் தெருவில் இருக்கும் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் வெளியிலிருந்து பார்த்தால் பழைய காலத்து மரக்கட்டடம், அவ்வளவுதான். கிரேஞ்ச் என்பது 1867இல் தொடங்கிய அமெரிக்க விவசாயிகள் சங்கம். பெண்களையும் ஆண்களுக்குச் சமமான உறுப்பினர்களாகத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொண்ட அமைப்பு. ஊர்தோறும் அது கட்டிய மண்டபங்களில் இப்போது விவசாயத்தைவிட நடனம் அதிகம் நடக்கிறது போலும். கிரீன்ஃபீல்ட் மண்டபம் நாடெங்கும் உள்ள கான்ட்ரா ஆட்டக்காரர்கள் ஒருமுறையாவது வந்துபோக விரும்பும் இடம் என்று தங்கை சொன்னாள்.

உள்ளே நுழைந்ததும் கோயில் வாசலைப் போல் காலணிக் குவியல். தெருவில் நடந்த செருப்போடு அந்தத் தரையை மிதிப்பதில்லை. பையில் கொண்டுவந்த மென்மையான அடிகொண்ட காலணியை அங்கே உட்கார்ந்து மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் மாற்றுச் சட்டைகளே மூன்று கொண்டுவந்திருந்தார்கள். காரணம் பிறகு புரிந்தது. இருபது வயது மாணவர்களிலிருந்து எழுபதைத் தாண்டிய பாட்டிகள் வரை ஏறத்தாழ நூறு பேர். பூப்போட்ட பாவாடை கட்டிய ஆண்களும் நாலைந்து பேர் இருந்தார்கள், சுழலும்போது காற்று வரும் என்பதற்காக. வேட்டி கட்டிய ஆண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதுமையில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நான் நன்றாகவே வெறித்துப் பார்த்தேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னதாகப் புதியவர்களுக்கு வகுப்பு. ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர் வானம்பாடி, அதாவது ‘லார்க்’. வலப்பக்கம் நிற்பவர் ‘ராபின்’. முன்பெல்லாம் ஆண், பெண் என்று அழைத்த இடங்கள் இவை. யாரும் எந்தப் பக்கமும் நிற்கலாம் என்று ஆன பிறகு பறவைகளின் பெயர் வந்திருக்கிறது. மேடையில் பிடில், பியானோ, கிதார் மூன்றும் இருந்தன. ஒலிவாங்கியோடு நிற்பவர் ‘காலர்’. அடுத்த அசைவு என்னவென்று முன்கூட்டியே கூவிச் சொல்பவர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் இசையில்லாமல் ஒருமுறை நடத்திக் காட்டுவார், பிறகு இசை தொடங்கும், நாலைந்து முறை சொன்ன பிறகு அவர் வாயை மூடிக்கொள்வார், கூட்டம் தானாக ஆடும்.

இந்த இசையின் கணக்கு எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஒரு மெட்டு 64 எண்ணிக்கை. பெரும்பாலான அசைவுகள் எட்டு எண்ணிக்கையில் முடியும். அதாவது நம் ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம், ஓர் அசைவுக்கு ஓர் ஆவர்த்தனம். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன், சரியாக விழுந்தது. அந்த 64 முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து புதிய ஜோடியைச் சந்திக்கிறது. மெட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வரிசையின் கடைசிக்குப் போனவர்கள் ஒரு சுற்று சும்மா நின்று, திரும்பி, எதிர்த்திசையில் ஊர்ந்து வருவார்கள். பின்னல் கோலாட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் மாறி ஆள் மாறிப் போவோமே, அந்த ஒழுங்கு; கயிறு மட்டும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு பேர் கைகோத்து உள்நோக்கி நின்று இடப்பக்கமாக நகர்வதை இவர்கள் ‘சர்க்கிள் லெஃப்ட்’ என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள் போகும் திசை, நாம் கோயிலில் வலம்வரும் அதே திசை. ஒரே சுற்றுக்கு அவர்கள் இடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நாம் வலம் என்கிறோம். இந்த வியப்பில் நான் மூழ்கியிருந்தபோது என் வட்டம் போய்விட்டது.

முதல் ஆட்டத்தில் ஒன்றும் ஆகவில்லை. வெட்கமும் பதற்றமும்தான் இருந்தன. இரண்டாவதில் உடல் சூடேறியது. மூன்றாவது ஆட்டம் ஒவ்வொரு 64 எண்ணிக்கைக்குள்ளும் இரண்டு ஸ்விங் கொண்டது: அயல் ஜோடிக்காரரோடு ஒன்று, சொந்தக் கூட்டாளியோடு ஒன்று. இசையின் வேகம் நிமிடத்துக்கு நூற்றுப்பதினைந்து அடி இருக்கும்; ஆக ஒரு மெட்டுக்கு அரை நிமிடத்தைவிடச் சற்று அதிகம். எட்டு நிமிடத்தில் முப்பது முறை என்னை யாரோ பிடித்துச் சுழற்றினார்கள்.

ஸ்விங்குக்கு முன் ‘பேலன்ஸ்’ என்று ஓர் அசைவு உண்டு. கைகளைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்து, ஓரடி பின்னால் போக வேண்டும். நூறு பேர் ஒரே நொடியில் அந்த அடியை வைக்கும்போது மரத்தளம் முரசாகிறது. அந்த அதிர்வு குதிகாலில் ஏறி முழங்காலைக் கடந்து பல்வரிசையில் வந்து நிற்கிறது. அடுத்த நொடியே எதிரிலிருப்பவரின் கை உங்கள் தோள்பட்டை எலும்பின் மேல் பதிகிறது, சுழற்சி தொடங்குகிறது. முதல் சுற்றில் எதிரிலிருக்கும் சுவரும் ஜன்னலும் மேடையும் தனித்தனியாகக் கடந்துபோயின. இரண்டாம் சுற்றில் அவை ஒரே பட்டையாக இழுபட்டன. என் கண்ணாடி வேறு ‘புரோகிரெசிவ்’ வகை, மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு. கால்களைப் பார்க்கத் தலை குனியும்போதெல்லாம் தரை கண்ணாடியின் கீழ்ப்பாதியில் அகப்பட்டுக் குளத்துத் தண்ணீரைப் போல் அலைந்தது. தாலிச் சங்கிலி ரவிக்கைக்குள்ளிருந்து வெளியே வந்து, ராட்டினத் தொட்டிலைப் போல் விலகிப் பறந்து, நிற்கும்போது ஒவ்வொரு முறையும் மார்பில் வந்து அடித்தது. மெட்டி காலணிக்குள் அடுத்த விரலைக் கடித்தது.

சுழலும்போது வருவதைவிடச் சுழன்று நிற்கும்போது வருவதுதான் கொடுமை. என்னைச் சுழற்றிய நெட்டை மனிதர் எட்டாவது எண்ணில் மிக மரியாதையாக என்னை வரிசையில் நிறுத்திவிட்டார், மண்டபம் நிற்கவில்லை. மேடையிலிருந்த பிடில்காரர் இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போனார், போய் முடிவதற்குள் மறுபடி முதலிலிருந்து வழுக்கினார். அந்த நேரம் பார்த்து ‘ஹே’ வந்தது. நான்கு பேர் ஒருவரையொருவர் வலத்தோள், இடத்தோள் என்று மாற்றி மாற்றிக் கடந்து சடைபோல் பின்னும் அசைவு அது. நான் பின்னலை விட்டு அடுத்த வரிசைக்குள் போய்விட்டேன். அங்கிருந்தவர்கள் சிறிதும் கலங்காமல் என் தோளைப் பிடித்துத் திருப்பி, தபால் உறையை உரிய பெட்டியில் போடுவது போல் என் வரிசைக்கு அனுப்பிவைத்தார்கள். கையை நீட்டினால் யாராவது பிடிக்கிறார்கள் என்பது ஆறுதலாக இருந்தது. ஆனால் வயிற்றுக்குள் மதியம் சாப்பிட்ட ரசம்சாதம் அதன் போக்கில் சுற்றத் தொடங்கியிருந்தது.

ஆட்டம் முடியும்வரை தாக்குப்பிடித்துவிட்டுச் சுவரோரம் வந்து உட்கார்ந்தேன். கைப்பையில் கும்பகோணத்து இஞ்சி மொரப்பா இருந்தது. தங்கைக்கு வாங்கிவந்ததில் பாதியை நானே தின்றேன். பக்கத்தில் என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஓர் அம்மாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “எங்கே பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார். காலை என்றேன், சில நேரம் சுவரை. அவர் சிரித்துவிட்டு, சுழலும்போது அந்த மண்டபத்தில் அசையாத பொருள் ஒன்றே ஒன்றுதான், அது எதிரில் இருப்பவரின் முகம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். கண்ணுக்குள் பார்ப்பது சங்கடமாக இருந்தால் மூக்கையோ காதையோ பார்க்கலாம், பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள் என்றும் சொன்னார்.

சங்கடமாகத்தான் இருந்தது. அறிமுகமில்லாத ஆணின் கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது என்று யாரும் எனக்கு வாக்கியமாகச் சொல்லித்தந்ததில்லை. குனிந்து நடந்த அம்மாவையும் அத்தைகளையும் பார்த்து என் கழுத்து தானாகக் கற்றுக்கொண்ட பாடம் அது. வகுப்பில் நாற்பது மாணவர்களைக் கண்ணாலேயே உட்காரவைத்தவள் நான். ஆனால் அந்தப் பார்வை எதிரிலிருப்பவர் கண்ணைத் தாழ்த்தவைப்பதற்கானது. இருவரும் தாழ்த்தாமல் எட்டு எண்ணிக்கை பார்த்துக்கொண்டே இருப்பதற்கு என்னிடம் பழக்கம் இல்லை.

நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களில் காதுகளைப் பார்த்தேன். கிரீன்ஃபீல்ட் மக்களின் இடது காதுகளைப் பற்றி இப்போது ஒரு கட்டுரை எழுதும் அளவுக்குத் தகவல் இருக்கிறது. பாதி குணம் தெரிந்தது. ஆனால் காதுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சுவர் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. இடைவேளைக்கு முன் ஒரு வால்ட்ஸ் வந்தது. அதைத் தங்கையோடு ஆடினேன், அல்லது அவள் மேல் சாய்ந்துகொண்டு மண்டபத்தைச் சுற்றிவந்தேன். இடைவேளைக்குப் பின் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மணி நேரம் அவள் ஓர் ஆட்டத்தைக்கூட விடவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு: படுக்கையும் மோரும்

காலையில் கண் விழித்ததும் விட்டத்தைப் பார்த்தேன். நின்றிருந்தது. கெண்டைக்கால் இரண்டும் கல்லாகியிருந்தன. இடது காலில் வலி இன்னும் அதிகம், இரவெல்லாம் உந்தியது அதுதானே. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு பகல் முழுக்க வீட்டிலேயே இருந்தோம்.

மதியச் சாப்பாட்டின்போது மோர்த் தம்ளரை வைத்துத் தங்கைக்கு ஒரு பாடம் எடுத்தேன். ஓய்வுபெற்றாலும் கை சும்மா இருக்காது. மோரில் மிதந்த கறிவேப்பிலை ஒன்றைத் தம்ளரின் விளிம்பில் ஒரு புள்ளிக்கு நேராக நிறுத்திவிட்டு, தம்ளரைச் சட்டென்று திருப்பினேன். தம்ளர் திரும்பியது, இலை நின்ற இடத்திலேயே நின்றது. தொடர்ந்து சுழற்றிக்கொண்டே இருந்தபோது மோரும் மெல்ல வேகம் பிடித்து இலையும் கூடவே சுற்றத் தொடங்கியது. தம்ளரைப் பிடித்து நிறுத்தினேன். இலை நிற்காமல் சுற்றியது.

காதுக்குள் நடப்பதும் இதுவே. ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் நீர் போன்ற திரவம். தலை திரும்பத் தொடங்கும்போது திரவம் பின்தங்கி, வழியிலிருக்கும் கூழ்போன்ற ஒரு மடலை வளைக்கிறது. அந்த மடலுக்குள் புதைந்திருக்கும் நுண்மயிர்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன, கண்கள் அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் நகர்கின்றன. சுழன்று நின்றதும் திரவம் ஓடிக்கொண்டே இருப்பதால் மடல் மறுபக்கம் வளைகிறது. உடல் நிற்கிறது, காது எதிர்த்திசையில் சுற்றுவதாகச் சத்தியம் செய்கிறது, கண்கள் காதை நம்பித் துடிக்கின்றன. பிடில்காரர் வழுக்கிக்கொண்டே போனது இதனால்தான். இந்த உறுப்பின் இயக்கத்தை ஆராய்ந்ததற்காக ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

அந்த அம்மாள் சொன்னதன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. காது கண்ணைத் துடிக்கச் சொல்லும்போது, பார்வைக்குள் அசையாத ஒரு பொருளை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டால் மூளை அந்தத் துடிப்பைப் பெருமளவு அடக்கிவிடும். நம்மோடு சேர்ந்தே சுழலும் முகம் நமக்கு அசைவதில்லை. பாலே நடனக்காரர்கள் தனியாகச் சுழலும்போது சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துத் தலையை வெட்டி வெட்டித் திருப்புவார்கள். இங்கே அந்தப் புள்ளிக்கு மூக்கும் முழியும் இருக்கின்றன, அது திரும்ப நம்மைப் பார்க்கிறது, அதுதான் எனக்குச் சிக்கல்.

பிறகு காகிதத்தில் இன்னொரு கணக்கும் போட்டேன். இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று, சுழலும் அச்சிலிருந்து என் உடலின் நடுப்பகுதி ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் என்று கொண்டால், என்னை உள்நோக்கி இழுத்துவைக்க வேண்டிய விசை என் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நான் 58 கிலோ. ஆகவே எதிரிலிருப்பவர் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தாங்கும் விசையை என் முதுகுக்குக் கொடுக்க வேண்டும், நானும் அவருக்கு அதே அளவு கொடுக்க வேண்டும். இதை இங்கே ‘கிவ் வெயிட்’ என்கிறார்கள். நேற்று நான் நாகரிகம் கருதி யார் மேலும் பாரம் விழாதபடி விறைத்து நின்றேன். அப்படி நிற்பதுதான் இந்த ஆட்டத்தில் மற்றவருக்குச் செய்யும் தொந்தரவு. என் பங்கையும் சேர்த்து அவர் இழுக்க வேண்டியிருக்கிறது. “நேற்றே சொன்னேனே, பின்னால் சாய் என்று” என்றாள் தங்கை. நியூட்டனின் மூன்றாம் விதியை ஆண்டுதோறும் நடத்தியவளுக்கு முதுகில் பட்டுத்தான் தெரிய வேண்டியிருந்தது.

இரவு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும்போது வேறொன்று தோன்றியது. நாளைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள், திங்கள்: நெல்சன், நியூ ஹாம்ப்ஷயர்

வடக்கே வெர்மான்ட் மாநிலத்தின் பிராட்டில்பரோவைத் தொட்டு, அங்கிருந்து 9ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பி, கீன் நகரைத் தாண்டி மலையேறினோம். நெல்சன் அறுநூறு பேர் கொண்ட ஊர். புல்வெளி ஒன்று, தேவாலயம், நூலகம், வெள்ளை நிற ஊர் மண்டபம். கடைத்தெரு என்று எதுவும் கண்ணில் படவில்லை. இந்த ஊரைச் சேர்ந்த மன்சன்வில்லில்தான் 1903இல் ரால்ஃப் பேஜ் பிறந்தார். கான்ட்ரா அருகிப்போயிருந்த காலத்தில் ஊர் ஊராகப் போய் ஆட்டம் நடத்தியவர், 1949 முதல் 1984 வரை ‘நார்தர்ன் ஜங்கெட்’ என்ற நாட்டார் நடன இதழை வெளியிட்டவர். பக்கத்துப் பீட்டர்பரோவைச் சேர்ந்த பாப் மெக்விலன் என்ற பியானோக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டுகளை உண்டாக்கியவர். பிழைப்புக்குப் பள்ளியில் தொழிற்கல்வி கற்பித்தவர் என்று கேட்டதும் எனக்கு அவர் மேல் தனி வாஞ்சை வந்துவிட்டது. இங்கே திங்கட்கிழமைதோறும் ஆட்டம் உண்டு.

கிரீன்ஃபீல்டின் நெரிசலும் ஆர்ப்பாட்டமும் இங்கே இல்லை. முப்பது பேர்தான் இருப்போம். வாத்தியம் கொண்டுவந்தவர்கள் மேடையேறி உட்கார்ந்துகொண்டார்கள். நான் தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் ஊக்கால் பொருத்தியிருந்தேன், மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போட்டிருந்தேன். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

சோதனை இதுதான். என் கிட்டப்பார்வையின் அளவு மைனஸ் இரண்டு. மைனஸ் இரண்டு என்றால் கண்ணாடியில்லாத என் கண்ணுக்குத் தெளிவான தூரத்தின் எல்லை சரியாக அரை மீட்டர். அதற்கப்பால் எல்லாம் கலங்கல். ஸ்விங்கில் எதிரிலிருப்பவர் முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கும்? சமையலறையில் தங்கையை நிறுத்தி டேப்பால் அளந்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அரை மீட்டர், ஓரிரு விரற்கடை கூடக்குறைய.

இசை தொடங்கியது. என் கூட்டாளி பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன், அயலார் ஒரு தாடிக்காரர். பேலன்ஸ், பிறகு தாடிக்காரரின் கை முதுகில் பதிந்தது. நான் பின்னால் சாய்ந்தேன், அரிசி மூட்டையை முழுதாகக் கொடுத்தேன். அவர் புருவம் சற்று உயர்ந்தது, ஆனால் பிடி இறுகியது, சட்டென்று கால்களின் சுமை குறைந்தது போலாகி, இருவரும் ஒரே பம்பரமாக ஆனோம். மண்டபம் முழுவதும் பால்போல் கரைந்து போய்விட்டது. ஓடும் சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, வெளிச்சமும் நிறமும் குழைந்த ஒரு வளையம் மட்டும் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு முகம் அத்தனை துல்லியமாக இருந்தது. வேறு பார்க்க இடமில்லாததால் கண்ணைப் பார்த்தேன். பச்சைக் கண்கள், வலது கண்ணில் கருவிழியின் ஓரமாக எள்ளளவு பழுப்புப் புள்ளி. இமைமுடியில் ஒரு வியர்வைத் துளி தொங்கிக்கொண்டிருந்தது, விழவில்லை. எட்டு எண்ணிக்கை முடிந்து அவர் என்னை வரிசையில் விட்டபோது ஒரு சிறு தள்ளாட்டம் வந்தது. அடுத்த முகத்தைப் பிடித்ததும் போய்விட்டது.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோருடைய கண்களையும் பார்த்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் வாய்க்குள் எண்ணினார்கள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பாட்டியின் கண்ணாடியில் நானே இரண்டாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பையன் மட்டும் என்னைப் பார்க்காமல் என் காதைப் பார்த்தான். எனக்கு அவன்மேல் குறையில்லை.

நடுவில் ‘பெட்ரோனெல்லா’ என்ற அசைவு உள்ள ஓர் ஆட்டம் வந்தது. நான்கு பேர் கைகோத்த வட்டமாக முன்னும் பின்னும் அசைந்து, பிறகு கையை விட்டு, ஒவ்வொருவரும் தன்னைத்தானே வலப்புறமாகச் சுற்றிக்கொண்டே அடுத்தவர் இடத்துக்கு நகர்ந்து, இரண்டு முறை கை தட்ட வேண்டும். இதில் பிடித்துக்கொள்ள முகம் இல்லை. கண்ணாடியும் இல்லாததால் சுவரில் பார்க்கப் புள்ளியும் இல்லை. சிறு வயதில் தெருவில் கையை விரித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றிவிட்டு, அண்ணாந்து விழுந்து, கோபுரம் சாய்வதைப் பார்த்துச் சிரித்த அதே கிறுகிறுப்பு வந்தது. அப்போது விழுவதற்குப் புழுதி இருந்தது, இப்போது அறுபது வயது இடுப்பெலும்பு இருந்தது. மூன்றாம் முறைதான் வழி கிடைத்தது: மற்ற மூவரும் தட்டும் ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் வட்டத்தின் நடு. ஓசையைப் பிடித்து நின்றேன். நாலாம் முறை நானும் தாளத்தோடு தட்டினேன்.

அன்று ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. இஞ்சி மொரப்பாவை ஊராருக்குப் பகிர்ந்தோம். தாடிக்காரர் காரத்தில் கண்கலங்கி இன்னொன்று கேட்டார். கடைசி வால்ட்ஸை அவர் பெண்ணோடு ஆடினேன், நான் வானம்பாடி, அவள் ராபின்.

திரும்பும் வழியில் கீனைத் தாண்டும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேனாம். எதிரே வந்த வண்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றும் பெரிய சாமந்திப்பூவாக விரிந்து கடந்தன. என்ன அழகு, இங்கே விளக்குகளை இப்படியா செய்கிறார்கள் என்று கேட்டேன். தங்கை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, கண்ணாடி எங்கே?”

ஜன்னல் விளிம்பில். அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் வண்டியைத் திருப்பினாள்.